ஷார்ட்கட் நின்றுபோனால் கீபோர்டைத் தூக்கி எறியாதீர்கள்

கன்ட்ரோல்-சி அழுத்தினால் காப்பி ஆகவில்லை, விண்டோஸ் கீயைத் தட்டினால் மெனு வரவில்லை என்றதும் பெரும்பாலோர் சொல்லும் முதல் வார்த்தை, "கீபோர்டு போச்சு." கடைக்குக் கொண்டுபோனாலும் புதுசு வாங்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் ஃபார்மட் அடித்துவிடலாம் என்பார்கள். பல நேரங்களில் இரண்டுமே வீண் செலவு. ஃபார்மட் அடித்ததில் வருஷக்கணக்கில் சேர்த்த ஃபைல்களையும் ஃபான்ட்களையும் தொலைத்தவர்கள் உண்டு என்பதால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

விரல் அழுத்தியது கண்முன் இருக்கும் புரோகிராமைப் போய்ச் சேர்வதற்குள் விண்டோஸின் அமைப்புகள், மொழி மாற்றும் வசதி, பின்னணியில் ஓடும் மென்பொருள்கள் என்று பல இடங்களைக் கடக்கிறது. ஷார்ட்கட் நின்றால், வழியில் யாரோ அதை வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கீபோர்டு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். இடப்பக்கக் கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு டெலீட்டை அழுத்துங்கள். ஐ.பி.எம். நிறுவனத்தின் டேவிட் பிராட்லி, 1981இல் வெளிவந்த அவர்களுடைய பி.சி.க்காக அமைத்த கூட்டு இது. அப்போது அது மெஷினை ரீஸ்டார்ட் செய்வதற்கு. பின்னால் விண்டோஸ் என்.டி. இதை லாக்இன் செய்யும் இடத்தில் வைத்துக்கொண்டது. சாதாரண மென்பொருள் எதுவும் இந்த மூன்று கீயையும் இடைமறிக்க முடியாது, விண்டோஸே நேராக வாங்கிக்கொள்ளும். ஆகவே இதற்கு விண்டோஸின் தனித் திரை வந்துவிட்டால் உங்கள் கன்ட்ரோலும் ஆல்ட்டும் உயிரோடுதான் இருக்கின்றன. வரவில்லையென்றால் வலப்பக்கக் கன்ட்ரோலை வைத்துப் பாருங்கள். அது வேலை செய்து இடப்பக்கம் செய்யாவிட்டால், அப்போது கீபோர்டைக் குறை சொல்லலாம். நாள் முழுக்க அடி வாங்குவது இடப்பக்கக் கன்ட்ரோல்தான்.

"ஏதோ வைரஸ் புகுந்துவிட்டது, கீபோர்டு பைத்தியம் பிடித்த மாதிரி நடந்துகொள்கிறது." இந்தப் புகாரின் பின்னால் அடிக்கடி இருப்பது ஷிஃப்ட் கீ. ஷிஃப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் என்ற வசதியை இயக்கலாமா என்று விண்டோஸ் கேட்கும். வலப்பக்க ஷிஃப்ட்டை எட்டு வினாடி அழுத்திக்கொண்டே இருந்தால் ஃபில்டர் கீஸ் பற்றிக் கேட்கும். யோசனையில் விரல் அங்கேயே தங்கிவிட, வந்த கேள்வியைப் படிக்காமல் என்டர் தட்டினால் சம்மதம் சொன்னதாகிவிடும். ஃபில்டர் கீஸ் இயங்கினால் சட்டென்று தட்டும் அழுத்தங்கள் கணக்கில் வராமல் போகும். கீபோர்டு செத்துவிட்டது போலவே இருக்கும். ஸ்டிக்கி கீஸ் இயங்கும்போது கன்ட்ரோலை இரண்டு முறை தட்டினால் அது அழுத்தியபடியே பூட்டிக்கொள்ளும். பிறகு ஏ தட்டினால் எழுத்து வராது, பக்கம் முழுவதும் செலக்ட் ஆகும். செட்டிங்ஸில் ஆக்ஸசிபிலிட்டி பகுதிக்குப் போய்க் கீபோர்டு என்ற இடத்தில் இரண்டையும் அணைத்துவிட்டால் சரியாகிவிடும்.

ஆனால் இவற்றை வேண்டாத தொல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு கையால் மட்டும் தட்டச்சு செய்பவருக்கு மூன்று கீயை ஒரே சமயத்தில் பிடிப்பது முடியாத காரியம்; ஒவ்வொன்றாகத் தட்ட ஸ்டிக்கி கீஸ் வழிசெய்கிறது. கை நடுங்குபவரின் தவறான தட்டல்களை ஃபில்டர் கீஸ் ஒதுக்கிவிடுகிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிரேஸ் மையம் இவற்றை உருவாக்க, விண்டோஸ் 95இலிருந்து இவை அதனுள்ளேயே வருகின்றன. பலர் உட்காரும் கணினியில் இவை இயங்குவதைப் பார்த்தால், அணைப்பதற்கு முன் யாருக்காவது தேவையா என்று கேட்டுவிடுவது நல்லது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. டி.டி.பி. சென்டர்களில் இதைப் பார்க்கலாம். ஃபோட்டோஷாப்பில் கல்யாணப் பத்திரிகையின் தலைப்பைத் தமிழில் அடித்து முடித்து, எழுத்தை நகர்த்த வி தட்டுவார்கள். மூவ் டூல் வராது. பி தட்டினால் பிரஷ் வராது. ஆனால் கன்ட்ரோல்-எஸ் பிசகாமல் சேவ் செய்யும். உடனே ஃபோட்டோஷாப்பை நீக்கி மறுபடி நிறுவச் சொல்வார் ஒருவர். அதற்கு அவசியமே இல்லை. தமிழ்த் தட்டச்சு இன்னும் இயங்கிக்கொண்டிருக்கிறது. தட்டிய ஒற்றை எழுத்து தமிழாக மாறிப் போய்ச் சேர்கிறது. ஆங்கிலத்துக்கு மாறினால் டூல்கள் திரும்பிவிடும்.

இன்னொரு மோதல் ஆல்ட்டில். தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் சில, மொழி மாற்ற ஆல்ட்டோடு ஓர் எண்ணைச் சேர்த்து வைத்திருக்கும். வேர்டிலும் எக்செல்லிலும் மேலே இருக்கும் குவிக் ஆக்ஸஸ் பட்டன்களுக்கும் ஆல்ட்-1, ஆல்ட்-2தான். பின்னணியில் ஓடுவது முந்திக்கொள்ளும், வேர்டுக்கு ஒன்றும் வராது. விண்டோஸில் இப்படிப்பட்ட பொதுக் கூட்டுகளுக்கு முதலில் பதிவு செய்தவருக்கே உரிமை. அந்த மென்பொருளை மூடும்வரை இன்னொன்று அதே கூட்டைப் பதிவு செய்ய முடியாது. ஸ்கிரீன்ஷாட் எடுப்பது, திரையை ரெக்கார்டு செய்வது எல்லாம் இதே வகை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஐகான்களை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள், எது பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

"கன்ட்ரோல்-வி கெட்டுப்போச்சு" என்பதும் பாதி நேரம் தவறான முடிவு. மவுஸில் ரைட் கிளிக் செய்து பேஸ்ட் கொடுத்துப் பாருங்கள். அதுவும் வராவிட்டால் கோளாறு ஷார்ட்கட்டில் இல்லை, கிளிப்போர்டில். கிளிப்போர்டு எல்லாப் புரோகிராமுக்கும் பொதுவான ஒன்று. ஏதாவது ஒன்று அதைத் திறந்து வைத்துக்கொண்டு விடாவிட்டால் மற்றவை காத்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியே ஆபீஸ் கணினியில் வேலை செய்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். அந்தக் கணினியின் டாஸ்க் மேனேஜரில் ஆர்.டி.பி.கிளிப் என்ற புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் பெரும்பாலும் காப்பி-பேஸ்ட் திரும்பிவிடும்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற யோசனையில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கினால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். விண்டோஸ் கீ மட்டும் நின்றிருந்தால் அதுகூட வேண்டியிருக்காது: கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து விண்டோஸ் எக்ஸ்புளோரரை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். கேமிங் கீபோர்டு என்றால் விண்டோஸ் கீயைப் பூட்டும் பட்டன் அதிலேயே இருக்கலாம். ஆட்டத்தின் நடுவே மெனு குதிக்காமலிருக்க வைத்தது.

சில ஷார்ட்கட்டுகளை எடுத்ததே தயாரித்தவர்கள்தான். பேக்ஸ்பேஸ் தட்டினால் முந்தைய பக்கத்துக்குப் போகும் வழக்கத்தைக் குரோம் 2016இல் நீக்கியது. படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது தெரியாமல் பக்கம் மாறி, அடித்ததெல்லாம் போய்விடுகிறது என்பது காரணம். இப்போது ஆல்ட்டும் இடப்பக்க அம்புக்குறியும்.

கடைசியாக, "டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஐகான்களை நீக்கினால் ஒன்றும் ஆகாது, அவை வெறும் படம்தான்" என்ற நம்பிக்கை. பார்வையற்ற பலர் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானைக் கன்ட்ரோல்-ஆல்ட்-என் அழுத்தித்தான் இயக்குகிறார்கள். அந்தக் கூட்டு டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகானுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. ஐகான் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருக்கும்வரைதான் விண்டோஸ் அதை மதிக்கும். கணினியைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது அதை நீக்கினால், அடுத்து வந்து உட்காருபவருக்குக் கணினி பேசாது. என்ன நடந்தது என்று தானே பார்த்துத் தெரிந்துகொள்ள அவருக்கு வழியும் இருக்காது. அப்படி ஒரு நிலை வந்தால் ரீசைக்கிள் பின்னிலிருந்து ஐகானை மீட்டுக் கொடுங்கள். அங்கே இல்லையென்றால் என்.வி.டி.ஏ.வுக்குப் புதிய ஐகான் ஒன்றை டெஸ்க்டாப்பில் உருவாக்கி, ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் திறந்து, ஷார்ட்கட் கீ என்ற கட்டத்தில் என் எழுத்தைத் தட்டுங்கள். கன்ட்ரோலும் ஆல்ட்டும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.