வீட்டிலேயே ஓர் ஒலிபெருக்கி

ரயில்வேயில் ஓய்வு பெற்றபின் நாக்பூரில் அமெச்சூர் ரேடியோ ரிசீவர் ஒன்று செய்தேன். 7 மெகாஹெர்ட்ஸில் வரும் தமிழ்க் குரல்கள் என் இயர்போனுக்குள்ளேயே நின்றன, மனைவிக்குக் கேட்கவில்லை.

இதற்கு எல்.எம்.386 என்ற 8 கால் ஐ.சி. போதும். 6-ம் காலுக்கு 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ். 2, 4-ம் கால்கள் மைனஸுக்கு. ரிசீவரின் ஒலியை 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் வழியே 3-ம் காலுக்குக் கொடுங்கள். 5-ம் காலில் 220 மைக்ரோஃபாரட் கண்டென்சரின் பிளஸ் முனை. மறுமுனையில் 8 ஓம் ஸ்பீக்கர். ஒலி 20 மடங்காகும். 1, 8-ம் கால்களுக்கிடையே 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர் (பிளஸ் 1-ம் காலில்) வைத்தால் 200 மடங்கு.

முதல் நாள் ஒரே ஊளை! பேட்டரி வயர் நீளம். 6, 4-ம் கால்களை ஒட்டி 100 மைக்ரோஃபாரட் கண்டென்சர் வைத்ததும் (பிளஸ் 6-ம் காலில்) அடங்கியது.

"நம்ம ஊர்ப் பேச்சு!" என்று சமையலறையிலிருந்து வந்து உட்கார்ந்தாள் மனைவி. பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பாருங்கள்.