படகு விளக்கை நானே மாற்றலாமா?

கேள்வி: எங்களிடம் ஐந்து மீட்டர் ஃபைபர் படகு இருக்கிறது. 12 வோல்ட் குண்டு பல்புகளை எடுத்துவிட்டு நானே எல்.இ.டி. போடலாமா?

பதில்: தாராளமாகப் போடுங்கள். 10 வாட் பல்பின் வெளிச்சம் ஒன்றிரண்டு வாட்டிலேயே கிடைத்துவிடும். ஆனால் இடப்பக்கச் சிவப்பு, வலப்பக்கப் பச்சைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி.யைச் செருகிவிடாதீர்கள். அதன் ஒளியில் சிவப்பின் பங்கு குறைவு. சிவப்பு மங்கிப்போகும், பச்சையில் நீலம் பாயும். இருட்டில் எதிரே வருபவருக்கு உங்கள் படகு எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வதே அந்த நிறம்தான். பக்க விளக்கு ஒவ்வொன்றும் நேர் முன்னிருந்து 112.5 பாகை வரை தெரிய வேண்டும் என்பது கடல் விதி. அதற்கென்றே செய்த முழு விளக்கையே வாங்கிவிடுங்கள்.

வயரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வீட்டு வயர் இழுத்த ஒரு படகில் உறையைச் சீவிப் பார்த்தேன். செம்பு கறுத்து, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. வெள்ளீயம் பூசிய பல இழை வயர்தான் உப்புக்காற்றைத் தாங்கும். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும்.

மலிவான எல்.இ.டி. வி.எச்.எஃப். ரேடியோவில் இரைச்சல் கிளப்பும். கரையிலேயே விளக்கைப் போட்டு, அணைத்து, காது கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.