சிறிய ஃப்ரேம்வொர்க்கைக் கையில் எடுப்பவர்களுக்கு

ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல் என்று ஊரே ஒரு பக்கம் போக, பலர் பெயரே கேள்விப்பட்டிராத ஒரு வெப் ஃப்ரேம்வொர்க்கைப் பராமரிக்க முன்வந்திருக்கும் தம்பி தங்கைகளே, பல வருடம் இந்த வேலையிலேயே இருந்துவிட்ட உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன். எங்கோ ஒருவர் தன் கடைக்கு பில் போடும் தளத்தையோ, ஒரு பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பக்கத்தையோ உங்கள் ஃப்ரேம்வொர்க்கை நம்பிக் கட்டியிருப்பார். அவரை மனதில் வைத்துத்தான் இத்தனையும் சொல்கிறேன்.

1. இது யாருக்காக என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பழகுங்கள். பைத்தானில் பாட்டில் என்றொரு ஃப்ரேம்வொர்க் உண்டு. முழுவதும் ஒரே கோப்பு, பைத்தானோடு வரும் லைப்ரரியைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. இதைக் கேட்டதுமே தனக்கு வேண்டுமா வேண்டாமா என்று ஒருவர் முடிவு செய்துவிடலாம். 'வேகமானது, எளிமையானது' என்பதை எல்லா ஃப்ரேம்வொர்க்கும் சொல்லிக்கொள்கிறது. டெக்எம்பவர் 2013 முதல் வெளியிட்டுவந்த வேகப் பட்டியலில் நாலு இடம் முன்னேற வாரக்கணக்கில் உழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான தளங்கள் நேரத்தை இழப்பது டேட்டாபேஸில். அந்த உழைப்பை அடுத்து சொல்லப்போவதில் போடுங்கள்.

2. புதிதாக வருபவரின் முதல் பத்து நிமிடத்தைக் காப்பாற்றுங்கள். 2006-ல் எல்லிஸ்லேப் நிறுவனம் கோட்இக்னைட்டரை வெளியிட்டபோது பிஎச்பியில் ஃப்ரேம்வொர்க்குகளுக்குப் பஞ்சமில்லை. அதற்கு ஆள் சேர்த்ததில் அதன் யூசர் கைடுக்குப் பெரும் பங்கு உண்டு. தெளிவாக, உதாரணங்களோடு, டவுன்லோடு செய்த ஜிப் கோப்புக்குள்ளேயே இருந்தது. இணைய இணைப்பு விட்டுவிட்டு வந்த காலத்தில் அது எவ்வளவு பெரிய உதவி என்பது அன்று வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

உங்கள் ஃப்ரேம்வொர்க்கைப் பார்த்தே இராத ஒரு மாணவியை உட்கார வைத்து, இன்ஸ்டால் செய்து ஒரு பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர் கை எங்கே நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு எரர் மெசேஜில்தான் நிற்கும். 'டெம்ப்ளேட் கிடைக்கவில்லை' என்று திரையில் வருகிறது. எந்த டெம்ப்ளேட், எங்கே தேடினாய்? அதே மெசேஜ், 'முகப்பு என்ற டெம்ப்ளேட் கிடைக்கவில்லை, இந்த இரண்டு ஃபோல்டர்களில் தேடினேன்' என்று சொல்லி முழுப் பாதையையும் காட்டினால், கோப்பை ஒரு ஃபோல்டர் தள்ளி வைத்துவிட்டதை அவரே கண்டுபிடித்து நகர்த்திவிடுவார். இதற்கு நாலு வரி கோடு போதும். பெரிய ஃப்ரேம்வொர்க்கில் மாட்டிக்கொண்டவருக்குத் தேடினால் ஆயிரம் பதில் கிடைக்கும். உங்களுடையதில் மாட்டிக்கொண்டவருக்கு அந்த மெசேஜ் ஒன்றுதான் துணை.

3. ஓடிக்கொண்டிருப்பதை உடைக்காதீர்கள். சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் மாசிமோ டி பியெரோ 2007-ல் வெப்2பை ஃப்ரேம்வொர்க்கை வெளியிட்டார். பழைய கோடு புதிய வெர்ஷனிலும் ஓடும் என்பது அதன் வாக்குறுதி. அடிப்படையையே மாற்ற வேண்டிய நிலை வந்தபோது பை4வெப் என்ற புதுப் பெயரில் தனியாகத் தொடங்கினார்கள். இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆங்குலர் ஜேஎஸ் வேறு வழியில் போனது. 2016-ல் வந்த ஆங்குலர் 2 பழையதோடு ஒத்துப்போகாத புதிய ஆக்கம், பெயர் மட்டும் கிட்டத்தட்ட அதே. கூகுளின் பின்பலம் இருந்ததால் தாங்கியது. உங்களுக்கு அந்தப் பலம் கிடையாது. ஒரு ஃபங்ஷனை நீக்கியே ஆக வேண்டுமென்றால், ஒரு வெர்ஷனிலாவது எச்சரிக்கை கொடுத்து, மாற்று என்ன என்பதையும் அந்த எச்சரிக்கையிலேயே எழுதிவிட்டு நீக்குங்கள்.

4. நீங்கள் எதையும் தொடாவிட்டாலும் காலடியில் மொழி மாறும். பைத்தான் 2022-ல் 3.11 வெர்ஷனில் எச்சரித்துவிட்டு, 2024-ல் 3.13-ல் சிஜிஐ மாட்யூலை நீக்கியது. ஃபார்ம் தகவலைப் பிரிக்க அதை நம்பியிருந்த பழைய கோடெல்லாம் நின்றது. பிஎச்பி 8.2 வந்தபோது, அறிவிக்காத ப்ராப்பர்ட்டிகளைப் பற்றிய எச்சரிக்கைகள் கோட்இக்னைட்டர் 3 தளங்களின் லாக்கில் குவிந்தன. மொழியின் அடுத்த வெர்ஷன் பீட்டாவில் இருக்கும்போதே உங்கள் டெஸ்ட்டுகளை அதில் ஓட்டிவிடுங்கள். யூசர் வந்து சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

5. பக் என்று எழுதி வருபவருக்குச் சீக்கிரம் ஒரு பதில் போடுங்கள். சரிசெய்ய மாதமாகலாம், 'பார்த்தேன், என் மெஷினிலும் வருகிறது' என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். எடுத்துக்கொள்ள முடியாத பேட்ச்சுக்குக் காரணத்தோடு 'முடியாது' என்றும் சொல்லுங்கள். பதிலே இல்லாமல் கிடப்பதுதான் ஆளை விரட்டும்.

6. பாதுகாப்பு ஓட்டையைத் தனியாகத் தெரிவிக்க ஒரு மெயில் முகவரி இருக்கட்டும். ஓட்டையை அடைத்த வெர்ஷனில் வேறு எந்தப் புது வசதியையும் சேர்க்காதீர்கள். பயப்படாமல் உடனே அப்டேட் செய்யும்படி அது இருக்க வேண்டும்.

7. விளம்பரம் என்றால் கூட்டம் இருக்கும் இடமெல்லாம் கூவுவது என்று நினைக்க வேண்டாம். உங்கள் கருவி தேவைப்படும் பக்கத்து வீட்டைக் கண்டுபிடியுங்கள். இவான் யூ 2014-ல் வ்யூவை வெளியிட்டபோது ரியாக்ட்டுக்கும் ஆங்குலருக்கும் பெரிய நிறுவனங்கள் இருந்தன. லாராவெல் வட்டாரம் வ்யூவைப் பிடித்துக்கொண்டது, 2016-ல் லாராவெல் 5.3-லேயே சேர்ந்து வந்தது. அந்த ஒரு சமூகம் போதுமான தொடக்கமாக இருந்தது. மற்ற ஃப்ரேம்வொர்க்குகளைத் தாழ்த்திப் பேசாதீர்கள், அவர்களிடமிருந்துதான் உங்களுக்கு ஆட்கள் வருவார்கள். மெர்ப் ஃப்ரேம்வொர்க் ரெயில்ஸுக்குப் போட்டியாக இருந்தது. 2008 டிசம்பரில் இரண்டும் இணைவதாக அறிவித்தார்கள், மெர்ப்பின் பல யோசனைகள் 2010-ல் ரெயில்ஸ் 3-ஆக வெளிவந்தன. பெயர் போனாலும் வேலை வீண்போகவில்லை.

8. பப்ளிஷ் செய்யும் சாவியை அவசரத்தில் கைமாற்றாதீர்கள். 2018-ல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பேக்கேஜை, உதவ வந்த ஒரு புதியவரிடம் அதன் உரிமையாளர் ஒப்படைத்தார். வந்தவர் பிட்காயின் திருடும் கோடை உள்ளே நுழைத்தார். 2024-ல் எக்ஸ்இசட் என்ற கம்ப்ரஷன் கருவிக்குள் ரகசிய வாசல் வைத்தது வெளிப்பட்டது. அதை வைத்தவர் அதற்கு முன் இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பேட்ச்சுகளாக அனுப்பி நம்பிக்கை சம்பாதித்தார். 'வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரைச் சேருங்கள்' என்று சோர்ந்துபோயிருந்த பராமரிப்பாளரை நெருக்கிய மெயில்களும் வந்தன. அப்படி யார் நெருக்கினாலும் பணிய வேண்டியதில்லை. களைப்பாக இருந்தால், 'இந்த மூன்று மாதம் ரிலீஸ் கிடையாது' என்று வெளிப்படையாக எழுதிவிட்டு ஓய்வெடுங்கள். அது உங்கள் உரிமை.

9. தொடர முடியாத நாள் வந்தால் சொல்லிவிட்டுப் போங்கள். எல்லிஸ்லேப் 2013-ல் கோட்இக்னைட்டருக்குப் புதிய வீடு தேடுவதாக அறிவித்தது. மறு வருடமே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தொழில்நுட்பக் கல்லூரி ஏற்றுக்கொண்டது. அங்கே பொறுப்பேற்ற ஜிம் பாரி 2020 தொடக்கத்தில் மறைந்தார். கூட இருந்தவர்கள் அவருடைய பிறந்தநாளான பிப்ரவரி 24-ல் கோட்இக்னைட்டர் 4-ஐ வெளியிட்டார்கள். அவர்களிடமும் கோடும் சாவியும் பொறுப்பும் இருந்ததால்தான் அது நடந்தது. உங்களுக்கு அப்படி யாரும் அமையாமல் போனால், முகப்புக் கோப்பின் முதல் வரிகளில் மூன்றை எழுதுங்கள்: கடைசி வெர்ஷன் மொழியின் எந்த வெர்ஷன் வரை ஓடும், பாதுகாப்புத் திருத்தம் எந்தத் தேதி வரை வரும், இங்கிருந்து எந்த ஃப்ரேம்வொர்க்குக்கு மாறுவது சுலபம். அந்த பில் போடும் தளத்துக்காரர் அதைப் படித்துவிட்டுத் தன் வேலையைத் திட்டமிட்டுக்கொள்வார்.