நாய்க்கடி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

விசைப்படகுகள் கரைக்கு வந்ததும் ஜெகதாப்பட்டினம் இறங்குதளத்தில் சங்காயம் எனும் கழிவு மீனைப் பிரித்துக் கொட்டுவார்கள். அடுத்த நிமிடமே நாய்கள் கூடிவிடும். ஆளும் நாயும் இப்படி உரசிக்கொண்டு வாழும் ஊரில், வெறிநாய்க்கடி பற்றிய ஒரு தப்பான எண்ணம் ஓர் உயிரையே எடுத்துவிடும்.

நம்பிக்கை: விஷம் இரத்தத்தில் ஏறும், மேலே இறுக்கிக் கட்டி, சுண்ணாம்பு வைத்தால் நின்றுவிடும்.

வெறிநாய்க்கடி நோயை உண்டாக்கும் ரேபிஸ் வைரஸ் மூளைக்குப் போவது நரம்பு வழியாக. 1880-களின் கடைசியில் இத்தாலியைச் சேர்ந்த டி வெஸ்தேயா, சகாரி இருவரும் முயலின் காலில் கிருமியைச் செலுத்தி, அந்தக் காலுக்கான பெரிய நரம்பை அறுத்துப் பார்த்தார்கள். நோய் மூளையை எட்டுவது தடைபட்டது. அதனால் கயிறு கட்டிப் பயனில்லை.

பலன் தருவது சோப்பு. கினிப்பன்றிகளின் காயத்தில் கிருமியைத் தடவி, சோப்புத் தண்ணீரால் கழுவிய சோதனைகளில் பல விலங்குகள் பிழைத்தன. வைரஸின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதைக் கரைக்கிறது. ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கடல் தண்ணீரில் காலை அலசிவிட்டு வலையைத் தூக்கப் போவது இதற்கு ஈடாகாது.

நம்பிக்கை: தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள்.

ஒரு காலத்தில் உண்மை. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய தடுப்பூசி, நோய் ஏற்றிய விலங்கின் மூளையிலிருந்து எடுக்கப்பட்டது. குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் பல ஆண்டுகள் ஆட்டு மூளைத் தடுப்பூசிதான் தயாரானது. அதிலிருந்த நரம்பு உறைப் பொருளால் சிலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்த நரம்பையே தாக்கி, பக்கவாதம் வந்தது. நம் தாத்தாக்களின் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் 2005-க்குள் இந்தியா அதைக் கைவிட்டுவிட்டது. இன்றைய ஊசி செல் வளர்ப்பில் தயாராவது, கையில் போடுவது, அரசு மருத்துவமனையில் இலவசம்.

நம்பிக்கை: நோய் வந்தபிறகும் காப்பாற்றிவிடலாம்.

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2004-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி, மருந்தால் ஆழ்மயக்கத்தில் வைக்கப்பட்டுப் பிழைத்தாள். அதே முறையைப் பிறகு பலருக்குச் செய்தும் பெரும்பாலோர் இறந்தார்கள்.  நாய் பெரும்பாலும் காலில்தான் கடிக்கும். அந்தக் கிருமி காலிலிருந்து மூளைக்குப் போக எடுத்துக்கொள்ளும் நாட்கள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். காய்ச்சலும் தண்ணீரைக் கண்டால் பயமும் வந்துவிட்டால் அந்த அவகாசம் முடிந்தது.

கடித்த நாயை 10 நாள் கவனிக்கச் சொல்வதைக் காத்திருப்பதற்கான அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் ஊசியை அன்றே போட வேண்டும். கடி தோலைக் கிழித்து இரத்தம் வந்திருந்தால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் பொருளும் தேவை. தோலுக்குள் போடும் முறையில் அடுத்த ஊசிகள் 3, 7, 28-ஆம் நாட்களில். அந்த நாளில் படகு கிளம்புகிறதென்றால், படகில் ஏறாதீர்கள்.