மழலையர்க்கு வாசித்துக் காட்டுவோம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

முன்னுரை

கல்வி என்றவுடன் கரும்பலகையும் பள்ளிக்கூடமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஐந்து வயதில் அரிச்சுவடியைத் தொட்ட பிறகே படிப்புத் தொடங்குகிறது என்பது நம்மில் பலரது எண்ணம். பேசவே தெரியாத பச்சிளங் குழந்தைக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்போரும் உண்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். எனவே இக்கேள்வி எனக்கு ஏட்டுப் பொருள் மட்டும் அன்று. எங்கள் வீட்டுத் தொட்டிலைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

செவியின் வழியே தொடங்கும் கல்வி

உட்செவியில் உள்ள காக்ளியா, குழந்தை பிறப்பதற்கு முன்பே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. கருவுற்ற ஏழாம் மாத அளவில் குழந்தை தாயின் குரலைக் கேட்கிறது. டிகாஸ்பர், ஸ்பென்ஸ் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1986இல் இதனைச் சோதனை வாயிலாகக் காட்டினர். கருவுற்ற பெண்கள் கடைசி ஆறு வாரங்கள் ஒரே கதையை நாள்தோறும் உரக்கப் படித்தனர். பிறந்த குழந்தைகள் ரப்பர் காம்பைச் சப்பும் முறையை மாற்றினால், பழகிய கதையோ புதிய கதையோ ஒலிக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. குழந்தைகள் பழகிய கதையையே நாடின. பொருள் விளங்கியதால் அன்று; ஓசை பழகியிருந்ததால்.

ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வு மற்றோர் உண்மையைக் கூறுகிறது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த குழந்தைகள், ஆறு முதல் எட்டு மாதங்களில் இந்தி மொழியின் டகர தகர ஒலிகளை வேறுபடுத்தி உணர்ந்தன. அவ்வொலிகளைக் கேளாமலே வளர்ந்ததால், ஓராண்டு நிறையும் முன்னரே அத்திறன் பெரிதும் குறைந்துவிட்டது. லகர ளகர ழகரம் பயிலும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

அப்படியாயின் தொலைக்காட்சியையோ கைப்பேசியையோ போட்டுவிட்டால் போதாதா? போதாது. பட்ரீசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியில் நூல்கள் படித்துக் காட்டப்பட்டன, விளையாட்டும் காட்டப்பட்டது. நேரில் ஆள் இருந்து படித்தபோது குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைக் கற்றன. அதே ஆளைத் திரையில் காட்டியபோது கற்கவில்லை. கற்றலுக்கு முகமும் மடியும் தேவை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் அறிவுறுத்தியது.

நமக்கே உரிய சிக்கல்

தமிழ்க் குழந்தைக்கு இன்னொரு தடையும் உண்டு. வீட்டில் ‘மாடு வந்துச்சு’ என்கிறோம். புத்தகமோ ‘மாடு வந்தது’ என்கிறது. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் இவ்வாறு பிரிந்து நிற்கும் நிலையை மொழியியலார் இரட்டை வழக்கு என்பர். படித்தவர் வீட்டுக் குழந்தை, கதைப் புத்தகத்தின் வழியாக எழுத்து வழக்கை மடியிலேயே கேட்டுவிடுகிறது. எங்களைப் போன்றோர் வீட்டுப் பிள்ளைக்கு அது ஒன்றாம் வகுப்பில்தான் அறிமுகமாகிறது. வானொலிச் செய்தியில் ஒலிக்கிறதே எனலாம். ஆனால் வானொலி குழந்தையின் முகம் பார்த்துப் பேசுவதில்லை. புதிய எழுத்து, புதிய மொழிநடை, புதிய இடம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. இப்பிள்ளைகளில் சிலரை ‘மந்தம்’ என்று ஒதுக்குவதற்குமுன், அவர்கள் செவிக்கு எழுத்துத் தமிழ் எத்தனை நாள் பழக்கம் என்று கேட்பது நியாயம் ஆகும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வது?

என் தாயார் பள்ளிக்குச் சென்றவர் அல்லர். அக்காவின் மகளுக்குப் பதினான்கு மாதம் நடக்கிறது. கடந்த கோடை விடுமுறையில் நாள்தோறும் அவளுக்குப் படப் புத்தகம் படித்துக் காட்டினேன். ஒரு பக்கத்தில் ‘ஆடு’ என்ற ஒரே சொல் இருந்தது. நான் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டப் போனேன். அம்மா தடுத்து, “இரு தம்பி, இது வெள்ளாடு. வாலு மேல நிக்குது பாரு. செம்மறின்னா தொங்கும்” என்றார். பிறகு, “வாலு எங்கடி?” என்று பேத்தியைக் கேட்டார். அவள் விரலை வைத்தாள்.

படத்தைக் காட்டிக் கேள்வி கேட்டு, குழந்தை பதில் காட்டும்வரை காத்திருந்து, அதனை விரித்துச் சொல்வதே சிறந்த முறை என்று வொய்ட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் நிறுவினர். எழுத்தறியாத என் தாயாரிடம் அம்முறை ஏற்கெனவே இருந்தது. படம் அவருக்கு, எழுத்து வரி எனக்கு. இருவரும் சேர்ந்தே அக்குழந்தைக்கு முழு நூலைப் படித்தோம்.

நான் விடுதிக்குத் திரும்பிய பின் யார் படிப்பது? அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவர். தட்டித் தடுமாறிப் படிக்க வெட்கப்படுகிறார். எந்தக் குழந்தையும் தன் தாய்க்குத் தேர்வு வைத்து மதிப்பெண் போடுவதில்லை என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன். மெதுவாகப் படிப்பது குழந்தைக்குக் குறையன்று.

நூலைத் தேர்ந்தெடுக்கும் முறை

1. பிறந்தது முதல் ஆறு மாதம்: புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 20 முதல் 30 செ.மீ. தொலைவே தெளிவாகத் தெரியும். பக்கத்துக்கு ஒரு பெரிய படம், கருப்பு வெள்ளை போன்ற எடுப்பான நிற வேறுபாடு இருத்தல் நன்று. இவ்வயதில் எந்த நூலையும் இனிய குரலில் படிக்கலாம்.

2. ஆறு மாதம் முதல் ஓராண்டு: குழந்தை நூலை வாயில் வைக்கும். கெட்டி அட்டைப் பக்கமோ துணிப் புத்தகமோ ஏற்றது. முனைகள் மழுங்கியிருக்க வேண்டும். கம்பிப் பின் அடித்த நூல் கூடாது.

3. ஒன்று முதல் இரண்டு வயது: பால், காக்கை, செருப்பு என அன்றாடம் காணும் பொருள்கள், பக்கத்துக்கு ஒரு வரி.

4. இரண்டு முதல் மூன்று வயது: ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும் சிறு கதைகள். கேட்ட கதையையே மீண்டும் கேட்டால் சலிப்படைய வேண்டாம். பல கதைகளைக் கேட்ட குழந்தைகளைவிட, ஒரே கதையைப் பலமுறை கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள் புதிய சொற்களை நன்கு கற்றதாக 2011இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஐந்து நிமிடம் போதும். குழந்தை முகத்தைத் திருப்பினால் நூலை மூடிவிட வேண்டும். வற்புறுத்தினால் பயன் கெடும்.

நூல்கள் கிடைக்குமிடம்

1957இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் தமிழ்ச் சிறுவர் நூல்களை வெளியிட்டு வருகிறது. சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் படக்கதைகள் உள்ளன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்க் கதைகளை விலையின்றி எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். ஒன்றுமே இல்லையேல், பழைய நாட்காட்டிப் படங்களை அட்டையில் ஒட்டி நூலால் தைத்தால் ஒரு புத்தகம் ஆயிற்று.

முடிவுரை

1948இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல் என்று விதி வகுத்த எஸ்.ஆர். இரங்கநாதன் பிறந்த மண் இது. அவ்வாசகர் வரிசையில் தொட்டிற் குழந்தையையும் சேர்ப்போம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் நண்பர்கள் சாலை சீரமைப்பதோடு, அங்கன்வாடியில் அரைமணி நேரம் அமர்ந்து படித்துக் காட்டலாம். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நாம் ஒவ்வொருவரும் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு படப் புத்தகத்தை எடுத்துச் செல்வோமாக. அடுத்த தலைமுறைக்கு ஒன்றாம் வகுப்பு அந்நியமாகாதிருக்கட்டும்.