விழுந்தால் தாங்க யார்?

கேள்வி: ஆய்வுப் படிப்பில் சேர்ந்திருக்கும் என் மகளிடம் பேராசிரியர்கள், “சறுக்கல் எல்லோருக்கும் சகஜம்” என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: சறுக்கல் சகஜம்தான், விழும் இடம்தான் ஆளுக்கு ஆள் வேறு. 1935 ஜனவரியில் லண்டன் வானியல் கூட்டத்தில் இளம் விஞ்ஞானி எஸ். சந்திரசேகரின் விண்மீன் கணக்கை மூத்த வானியலாளர் எடிங்டன் எல்லார் முன்னாலும் எள்ளி நகையாடினார். பலத்த அடி. ஆனாலும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோஷிப் கையில் இருந்தது; சித்தப்பாவோ இயற்பியல் மேதை சி.வி. ராமன்! 1983இல் சந்திரசேகருக்கு நோபல் வந்தது.

எல்லோருக்கும் அப்படித் தாங்கல் இருப்பதில்லை. ஹங்கேரியில் கசாப்புக் கடைக்காரரின் மகளாகப் பிறந்த விஞ்ஞானி கேடலின் கரிகோவை, ஆய்வுக்கு நிதி கிடைக்கவில்லை என்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் 1995இல் பதவியிறக்கியது. கணவர் விசா சிக்கலில் ஹங்கேரியில். இவருக்கோ புற்றுநோய்ப் பயம். கரிகோவுக்கும் 2023இல் நோபல் கிடைத்தது; அதை வைத்து எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன்.

ஆகவே, உதவித்தொகை நின்றால் ஆறு மாத விடுதிச் செலவுக்கு என்ன வழி என்று மகளோடு இப்போதே உட்கார்ந்து பேசுங்கள்.