மின்மினியைப் படம் பிடித்தல்

மாரி தொடங்கி மண் குளிர்ந்தபின், குளக்கட்டின் கீழும் வாய்க்கால் ஓரப் புல்லிலும் மின்மினிகள் மின்னுவதை நாம் கண்டிருக்கிறோம். இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்தாலும், மீளக் குடியேறிய காணியில் இருந்தாலும், அவற்றைக் கண்டதும் பிள்ளைகள் வெளியே ஓடுவர். இப்போது அவர்கள் கையில் தொலைபேசிக் கமராவும் உண்டு. ஆனால் எடுத்த படத்தில் கறுப்பைத் தவிர வேறொன்றும் விழுவதில்லை. ஏன் என்று இப்பாடத்தில் பார்ப்போம்.

மின்மினி, ஈயல்ல, வண்டினம். அதன் வயிற்றின் நுனியிலுள்ள லூசிபெரின் என்ற பொருள் ஒட்சிசனுடன் சேரும்போது ஒளி பிறக்கிறது. லூசிபெரேஸ் என்ற நொதியம் அதற்குத் துணைபுரிகிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படித்தவர்கள் இன்று பெற்றோராய் இருக்கிறார்கள். அந்தப் போத்தல் கையைச் சுடும். எண்ணெயின் சக்தியில் பெரும்பங்கு வெப்பமாகவே போய்விடும். மின்மினியைக் கையில் ஏந்திப் பாருங்கள், சூடே தெரியாது.

பறந்து மின்னுவது பெரும்பாலும் ஆண். புல்லில் இருக்கும் பெண் அதற்கு மறுமொழியாக மின்னும். இனத்துக்கு இனம் தாளம் வேறுபடும். (தூக்கணாங்குருவி தன் கூட்டில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்று பெரியவர்கள் சொல்வர். கூட்டுக்குள் களிமண் ஒட்டியிருப்பது உண்மை. விளக்கை நாம் கண்டதில்லை.)

மின்னல் கணப்பொழுதே நிற்பதால், ஒரு நொடிப் படத்தில் அது அகப்படுவது அரிது. தமிழ்நாட்டில் ஆனைமலைக் காட்டு மின்மினிகளைப் படம் பிடித்த ஸ்ரீராம் முரளி, 19 விநாடி வீதம் 50 படங்களை எடுத்து ஒன்றாக இணைத்தார். ஏறத்தாழ 16 நிமிட மின்னல்கள் ஒரே படத்தில் சேர்ந்தன. 2023இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வனவிலங்குப் படப் போட்டியில் அப்படத்துக்குப் பரிசு கிடைத்தது.

நாமும் அவ்வழியே செய்யலாம். நிலவில்லாத இரவாகப் பாருங்கள். கமராவை முக்காலியில், இல்லையேல் கல்லில் அசையாமல் வையுங்கள். தூரத்து மரமொன்றில் ரோச் லைற் அடித்துக் கமராவின் பார்வையைச் சரிசெய்து, லைற்றை அணைத்துவிடுங்கள். கமரா திறந்திருக்கும் நேரத்தை 15 முதல் 30 விநாடி வரை வையுங்கள். பல தொலைபேசிகளில் இவ்வசதி உண்டு. பிளாஷ் போட வேண்டாம். அது படத்தைக் கெடுப்பதுடன், மின்மினிகளின் பேச்சையும் குழப்பிவிடும். வளவில் இரவு முழுவதும் எரியும் பெரிய மின்குமிழும் அதையே செய்யும். கமரா இல்லாதவர்கள் ஒரு நிமிடத்தில் எத்தனை மின்னல் என்று எண்ணிக் கொப்பியில் எழுதி வரலாம். அடுத்த மாரியில் அதே இடத்தில் எண்ணினால், கூடியதா குறைந்ததா என்று தெரியும்.

படத்துக்காகப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். மிதிவெடிப் பலகை உள்ள இடத்துக்கும், அகற்றப்பட்டதாக உறுதியாகத் தெரியாத காணிக்கும் பகலிலேயே போகக்கூடாது. யானை வரும் வழியும் அப்படித்தான். சொந்த முற்றமும் நடந்து பழகிய வரம்பும் போதும்.

கமக்காரருக்கு இன்னொரு விடயம். மின்மினியின் புழுக்கள் ஈரமண்ணில் வாழ்ந்து நத்தைகளைத் தின்னும். 1900இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க நத்தை பயிர்களுக்குப் பெரும் பீடையாகியது. அதைத் தின்னும் பெரிய மின்மினி இனமொன்று இங்கே உண்டு. அதன் பெண்ணுக்கு இறக்கையில்லை, பார்வைக்குப் புழுப்போலவே இருக்கும். 1950களில் நத்தையை அடக்குவதற்கென்று அவற்றை இலங்கையிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். நம்மவரோ பயிர்ப்புழு என்று நினைத்து மிதித்துவிடுகிறோம், அல்லது வரம்பெல்லாம் பூச்சிநாசினி அடித்துவிடுகிறோம். தட்டுத் தட்டான கரிய முதுகும், வால்நுனியில் மங்கிய பச்சை ஒளியும் கொண்ட புழு இரவில் ஊர்ந்தால், அதன் வழியில் விட்டுவிடுங்கள். முடிந்தால் அதையும் ஒரு படம் எடுங்கள். அது மெல்ல நகர்வதால், பறப்பதைவிட எடுப்பது சுலபம்.